கீழ இருந்து ஒன்னு வருது

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் அப்பா பச்சியப்பனை முதன்முதலாக விமானத்தில் ஏற்றினேன். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம், ஓட்டுவது நான். சேலத்தில் கிளம்பி, வடக்கே தொப்பூர் மலையைத் தாண்டியதும் மனிதர் குழந்தையாகிவிட்டார்.

"அதோ நம்ம வூடு சுசி. மாட்டுக்கொட்டாய்கூடத் தெரியுது பாரு."

எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த டிராஃபிக் கருவி குலுக்கலில் கழன்று விழுந்தது. சோப்புப் பெட்டி அளவுதான். அக்கம்பக்கத்தில் பறக்கும் விமானங்களின் சிக்னலைப் பிடித்துத் திரையில் புள்ளியாகக் காட்டும். அப்பா எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நடுவுல இருக்கறது நாம. வேற புள்ளி வந்தாச் சொல்லுங்கப்பா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில், "கீழ இருந்து ஒன்னு வருது கண்ணு" என்றார்.

எட்டிப் பார்த்தேன். கீழே தக்காளித் தோட்டமும் ஏரியும்தான். திரையைப் பார்க்கலாமென்றால் வெயில் பட்டுப் பளபளத்தது. கீழே போவது கீழேயே போகட்டும் என்று அதே உயரத்தில் நேராகப் போனேன். கருவி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"கிட்ட வந்துருச்சு. நேரா நம்ம மேலயே வருது."

"கீழங்கறீங்க, மேலங்கறீங்க. ஏதாவது ஒன்னு சொல்லுங்கப்பா." எரிந்து விழுந்தேன்.

"கீழப்பக்கம்னா கீழப்பக்கந்தான். நம்ம கீழக்காடு இருக்கற பக்கம்."

அடக் கடவுளே, கிழக்கு. இந்த மனிதருக்கு இடது வலதெல்லாம் எந்தக் காலத்தில் இருந்தது? அவர் தலை மறைத்திருந்த வலப்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் உயரத்திலேயே ஒரு வெள்ளை விமானம், இடம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே வந்தது. எங்கள் விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கினேன். அதன் சக்கரங்கள் எங்கள் தலைக்கு மேலே விருட்டென்று கடந்து போயின.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது, அடக்கவே முடியவில்லை. அப்பாவும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அந்த வண்டிக்காரன் நம்மளப் பாத்தானா?"

"இல்லீங்கப்பா. பாத்திருந்தா திரும்பியிருப்பான். அவன்கிட்ட இந்தக் கருவி இருக்காது."

அப்பாவின் சிரிப்பு நின்றது. கருவியைத் துண்டால் துடைத்தார். "எறங்குனதும் இத அவன்கிட்டக் குடுத்துரு. அவனையும் பெத்தவங்க இருப்பாங்கல்ல."

"அப்ப எனக்கு?"

"உனக்கு நான் கூட வர்றேன். இனிமே கெழக்குன்னே சொல்றேன்."