நான்கு வரி இடம்

1

இந்தக் கதையை நான் தேடிப்போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூச்சக்காரி ஒருத்தி எப்படிப் பேச்சுக்காரி ஆனாள் என்று எழுத ஆசைப்பட்டுத்தான் பத்மாசினியைப் பிடித்து உட்காரவைத்தேன். இன்று அவள் எந்தப் பத்திரிகைக்காரரையும் உரிமையோடு நலம் விசாரிப்பவள். அந்தத் தைரியம் முதன்முதலில் எப்படி வந்தது என்று கேட்டேன். அவளோ தன்னை விட்டுவிட்டு, குருநகர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நான் எழுத நினைத்த கதை அங்கேயே கவிழ்ந்தது. இது அதை நிமிர்த்துகிற பாடு.

2

தொடக்கம் ஒன்று: ‘1992ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத—’

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் இது மின்சாரத்தைப் பற்றிய கதையாகிவிடும்.)

தொடக்கம் இரண்டு: நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் ஏரம்புவின் இளைய மகள் பத்மாசினி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கிடுகுக் கொட்டிலில் நடந்த ஒரு தனியார் ரியூட்டரியில் மக்கள் தொடர்பு படித்தாள். பத்திரிகைக்காரரைப் பழக்கம் பிடிப்பது எப்படி என்பது பாடம். முதலில் சிரித்த முகம், அடுத்தது சொந்தப் பெயர், பிறகுதான் விஷயம் என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் அவள் கெட்டிக்காரி. பத்திரிகை அலுவலகம் என்றால் மட்டும் வாசல் படலைவரை போவாள். படலையைக் கண்டதும் சைக்கிள் தானாகத் திரும்பிவிடும். (சைக்கிளின்மேல் பழியைப் போட்டது அவள், நான் அல்ல.)

இதை வைத்துக்கொள்வோம்.

3

அக்கா பூரணத்தின் கலியாணம் இருமுறை தள்ளிப்போய், மறுபடியும் நாள் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் இருக்கும்போது கலியாண மண்டபத்தில் ஷெல் குண்டு விழுந்தது. இணுவிலில் மாமா வீட்டு முற்றத்தில் பந்தல் போடுவதென்று முடிவாயிற்று. ஆனால் அழைப்பு ஏற்கெனவே ஊரூராகப் போய்விட்டது. தொலைபேசி கிடையாது. தென்மராட்சிச் சொந்தக்காரர் பிள்ளைகுட்டிகளோடு விடியப் புறப்பட்டு, நேரே ஷெல் விழுகிற இடத்துக்கே வந்து நிற்பார்கள்.

(மண்டப வாசலில் ஒருவரை நிறுத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். யாரை நிறுத்துவது? தகவல் சொல்ல நிற்பவர் இவர் என்று பார்த்தா ஷெல் விழப்போகிறது?)

“உவள்தானே பேப்பர்காரரோடை கதைக்கப் படிக்கிறாள். உவள் போகட்டும்,” என்றார் ஏரம்பு. நாளைய பத்திரிகையில் வந்தாக வேண்டும். பத்மாசினி வழக்கம்போலப் பத்திரிகை அலுவலகப் படலைவரை போனாள். ஆனாலும் அன்று சைக்கிள் திரும்பவில்லை.

4

தாள் தட்டுப்பாட்டில் பத்திரிகை பள்ளிக்கூடக் கொப்பித்தாளில் அச்சாகி, பக்கங்களும் சுருங்கிப்போயிருந்த காலம். அச்சுக்குப் பக்கம் கட்டுகிற கிறிஸ்துநாயகம் தலை நிமிராமலே பேசினார்.

“இடமில்லைத் தங்கச்சி. நாளைக்கு வாரும்.”

“நாளைக்கு வந்தால் பிந்திப்போம் அண்ணை.”

அவள் குரல் போன போக்கில் அவர் நிமிர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மரண அறிவித்தல் பக்கத்தைக் காட்டினார். அதில் ஒரு நினைவஞ்சலி. படம், பெயர், அடியில் நான்கு வரிப் பாட்டு.

“வெட்டுறதெண்டால் உந்தப் பாட்டைத்தான் வெட்டவேணும். எழுதின மனுசன் அந்தா, அந்த வாங்கிலை இருக்கிறார். நான் கேக்கமாட்டன். வேணுமெண்டால் நீரே கேளும்.”

வாங்குப் பலகையில் இருந்தவர் குருநகர்க் கடற்றொழிலாளி நீக்கிலாப்பிள்ளை. மனைவி அருமைநாயகி போய் ஓராண்டு. பாட்டில் பிழை வந்துவிடக்கூடாதென்று, பக்கம் முடியும்வரை காத்திருந்தார்.

இந்த இடத்தில் நான் பல நாள் எழுதாமல் கிடந்தேன். மனைவியை இழந்தவரிடம் கலியாணத்துக்கு இடம் கேட்கிறவளை நீங்கள் மன்னிப்பீர்களா என்று தெரியவில்லை. அவளுக்காக வசனம் எழுதிப் பார்த்தேன்.

‘ஐயா, உங்கள் துயரத்தில் நானும்—’

‘ஐயா, ஒரு சின்ன உதவி—’ (இதுவா சின்ன உதவி?)

உண்மையில் நடந்தது இதுதான். பாடத்தில் படித்தபடி அவள் முதலில் சிரித்தாள். நினைவஞ்சலி கொடுக்க வந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தாள்! சிரித்தது உறைத்ததும் கண் கலங்கிவிட்டது. பெயர் சொல்லவும் மறந்துபோனாள்.

“ஐயா, எங்கடை அக்காவுக்கு நாளையிண்டைக்குக் கலியாணம். மண்டபத்திலை ஷெல் விழுந்திட்டுது. சனம் அங்கை போகக்கூடாது. பேப்பரிலை வேறை இடமில்லை. உங்கடை பாட்டு இருக்கிற இடம்தான் இருக்காம்.”

அவர் மேசையில் கிடந்த அந்தப் பக்கத்தைப் பார்த்தார். ஏன் கேட்டோம் என்று அவளுக்கு ஆகிவிட்டது.

“எத்தினை வரி வேணும் பிள்ளை?”

“நாலு, ஐயா.”

“பாட்டும் நாலுதான்.” கையிலிருந்த தொப்பியை ஒருமுறை திருப்பினார். “காலமை சேமக்காலைக்குப் போய், கல்லறையடியிலை நிண்டு அவவுக்கு வாசிச்சுக் காட்டியிட்டன். அவவுக்குத் தெரியும். சனத்துக்குத்தான் தெரியாது. அது பறவாயில்லை.”

பிறகு கிறிஸ்துநாயகத்தைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, படத்தையும் பேரையும் விடுங்கோ. கலியாணச் சேதியை அவவுக்குக் கிட்டவே போடுங்கோ. அவ தனிய இருக்கிறா.”

பத்மாசினிக்கு நன்றி என்று ஒரு சொல் வாயில் வரவில்லை. கலியாணத்துக்கு வரச் சொன்னாள். அதுதான் வந்தது.

5

முடிவு அ: தாய் குணலட்சுமி பத்திரிகையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார். “செத்தவீட்டுப் பக்கத்திலையோடி என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தைப் போட்டனி?” (இது நடந்தது.)

முடிவு ஆ: ஒருவர்கூட மண்டபப் பக்கம் போகவில்லை. இணுவிலில் பந்தல் கொள்ளாத சனம். பத்திரிகையைக் கையில் எடுத்ததும் யார் செத்தார் என்று முதலில் பார்ப்பதுதானே எங்கள் சனத்தின் குணம்! (இதுவும் நடந்தது. ரியூட்டரி ஆசிரியர் இதைப் பாடத்தில் சேர்த்தாரா, தெரியாது.)

முடிவு இ: தாலி கட்டும் நேரம் நீக்கிலாப்பிள்ளை படலையைத் திறந்துகொண்டு—

(நடக்கவில்லை. எல்லோரும் மணவறையைப் பார்க்க, அவள் மட்டும் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னொருநாள் வாழைக்குலையோடு குருநகருக்குத் தேடிப்போனாள். அவர் இருந்த ஒழுங்கையே, அந்தச் சந்துச் சனம் முழுவதுமே, இடம்பெயர்ந்திருந்தது.)

6

அந்தப் பாட்டு என்ன என்று பத்மாசினியிடம் கேட்டேன்.

“நான் வாசிக்கேல்லை. வாசிச்சிருந்தால் கேட்டிருக்கமாட்டன்,” என்றாள்.

அவள் கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது. அக்கா நன்றாயிருக்கிறாள். பாட்டுக்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை. நானே எழுதிக் கொடுத்துவிடலாமென்று உட்கார்ந்தேன்.

‘அருமைநாயகி, நீ போனபின் கடல்கூட—’

(இல்லை. கடலோடு பிழைத்தவர் கடலை இப்படி இழுத்திருக்கமாட்டார். இது என் புத்தி.)

‘அருமை, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று—’

(இது கொஞ்சம் கிட்ட வருகிறது. ஆனாலும் எனக்கு அவரைத் தெரியாதே.)

ஆகவே இடத்தை விடுகிறேன். உங்களுக்கும் அவரைத் தெரியாதுதான். ஆனால் ஒருவர் இல்லாத வீட்டில் ஒருநாளாவது இருந்திருப்பீர்கள். எழுதுங்கள்.

. . . . . . . . . . . . . . . . . . . .
. . . . . . . . . . . . . . . . . . . .
. . . . . . . . . . . . . . . . . . . .
. . . . . . . . . . . . . . . . . . . .

(எழுதி முடித்ததும் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். அருமைநாயகிக்குக் கேட்கட்டும்.)