வெறும் கப்பில் ஜூஸ்

சோபாவை ஓரம் தள்ளி, நீலப் போர்வையை ஹாலில் விரித்து, நான்கு பிளாஸ்டிக் கப்புகளை வரிசையாக வைத்து அவன் ஜூஸ் ஊற்றினான். நான்கிலும் ஒரே மட்டம். முட்டி போட்டுக் குனிந்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். மூன்றாவதில் கொஞ்சம் குறைகிறது என்று தோன்றவே அதையும் சரிசெய்தான். எதிரே சம்மணம் போட்டிருந்த மகள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வயது முடிந்தவள். பிறந்த அன்று அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றதால் வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பெயர். எல்லாம் சரியானதும் ஒரு கப்பை நீட்டினான். வாங்கி மடக்மடக்கென்று குடித்தாள். அன்றைய பிக்னிக் முடிந்தது.

பிக்னிக் என்பது பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுத்த விளையாட்டு. சுண்டுவுக்குப் பேச்சு தாமதம். விரல்களில் வலு குறைவு, நடக்கும்போது கொஞ்சம் தடுமாற்றம். அதற்காக எங்கேயும் போக வேண்டாம், வீட்டையே பூங்கா ஆக்கிக்கொள்ளுங்கள் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, அதன் மேலேயே கூடையோடு நடந்து பூங்காவுக்குப் போக வேண்டும். போர்வையில் எறும்பு ஏறிவிட்டது என்று கறுப்புப் பஞ்சு உருண்டைகளைத் துணி கிளிப்பால் கவ்வி எடுக்க வேண்டும். டப்பா மூடிகளைத் திருகித் திறக்க வேண்டும், ரொட்டியில் ஜாம் தடவ வேண்டும். சுண்டுவின் அம்மா பல் டாக்டரிடம் உதவியாளர். சாயங்காலம்தான் கிளினிக்கில் கூட்டம். ஆகவே காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிடும் அப்பாவின் தலையில் பிக்னிக் விழுந்தது. அவ்வளவு பெரிய உருவம் கூடையைத் தூக்கிக்கொண்டு கயிற்றின் மேல் அடிமேல் அடி வைத்துப் போவதை எதிர் பால்கனி அம்மாள் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மறுநாளிலிருந்து திரையை இழுத்துவிட்டான், ஆனால் நடப்பதை விடவில்லை.

அதில் ஒன்றுதான் அவனுக்கு வரவில்லை. வெறும் கப்பை நீட்டி, இந்தா ஜூஸ், குடி என்று சொல்ல வேண்டும். குழந்தை குடிப்பது போல நடிக்க வேண்டும். இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொள்ளத் தெரிந்தால்தான் பேச்சு கூடும், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட வரும் என்றார் பயிற்சியாளர். பள்ளி திறப்பதற்குள் இது வந்துவிட்டால் சுண்டு எல்லாக் குழந்தைகளோடும் சாதாரண வகுப்பில் உட்காரலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் மையத்திலேயே.

ஜூஸ் கம்பெனியில் அவனுக்கு வேலையே பார்ப்பதுதான். வெளிச்சப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கோட்டுக்குக் கீழே ஜூஸ் நிற்கிற பாட்டிலை எடுத்து இடது பக்கத் தட்டில் வைத்துவிடுவான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்குக் குறைகுடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். இந்தக் குறைகுடம் பேசவே பேசாது என்பதுதான் அங்கே நிரந்தர ஜோக். வீட்டிலும் பழக்கம் போகாது. பால் கிளாஸ், இருமல் மருந்து, தண்ணீர் பாட்டில் எதுவானாலும் ஜன்னல் பக்கம் தூக்கி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பான், குறைந்திருந்தால் இடது பக்கம்.

முதல் நாள் அவன் முயற்சி செய்யாமல் இல்லை. வெறும் கப்பை நீட்டினான். இந்தா என்றதோடு நிறுத்திக்கொண்டான். சுண்டு கப்புக்குள் எட்டிப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையை ஏமாற்றிவிட்டோம் என்று அவனுக்குப் பட்டது, வெட்கமாக இருந்தது. மறுநாள் ஜூஸ் வாங்கி வந்துவிட்டான். ராத்திரி மனைவி கேட்டபோது, குடிக்கிறாள் என்றான். அது பொய்யில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவள் மையத்துக்கே போன் செய்து சொல்லிவிட்டாள்.

மையத்தில் சுண்டுவைச் சோதித்துப் பார்த்த அன்று மூவரும் போயிருந்தார்கள். பயிற்சியாளர் பாயில் உட்கார்ந்து, விளையாட்டுக் கெட்டிலிலிருந்து மஞ்சள் கப்பில் ஊற்றுவது போல் ஊற்றி நீட்டினார். சுண்டு வாங்கினாள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள், ஒரு கண்ணைச் சுருக்கினாள், இடது பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த கப்பும் அங்கேயே போனது. நான்கும் போயின. வீட்டில் குடிப்பாள் என்றீர்களே என்று பயிற்சியாளர் கேட்க, மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்ல ஜூஸ் இருக்கும்," என்றான்.

பயிற்சியாளர் கோபப்படவில்லை. ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள், அதையும் கவனிக்க வேண்டும், அடுத்த மாதம் ஒருமுறை பார்ப்போம், அதோடு முடிவு செய்துவிடலாம் என்றார். பஸ்ஸில் சுண்டு அம்மாவின் மடியில் தூங்கிப்போனாள். இறங்கப்போகிற நேரத்தில்தான் மனைவி வாயைத் திறந்தாள்.

"இவளுக்குத்தான் வரலன்னு இத்தனை நாள் அழுதுட்டு இருந்தேன். வராதது உங்களுக்கு. ஒரு வெறும் கப்ப கையில தூக்க முடியல உங்களால."

தூங்குகிறவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவன் இறங்கினான். தன்னால் பிள்ளைக்கு ஒரு வருடம் போகப்போகிறதே என்று பயந்தான். அந்தப் பயத்தோடேயே மறுநாள் வேலைக்குப் போனான். டீ இடைவேளையில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, காலிப் பேப்பர் கப்பை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தான். பக்கத்து மிஷின்காரர் தோளில் தட்டி, டீ தீர்ந்துவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா, அவ்வளவு கஞ்சத்தனமா என்றார். மானம் கப்பலேறியது. ஆனாலும் ஷிப்ட் முடியும் வரை வேறொன்று அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. மையத்தில் இருந்த கப் கெட்டி மஞ்சள். அதை எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே ஒன்றும் தெரியாது. பிறகு சுண்டு எதைப் பார்த்தாள்?

வீட்டுக்குப் போகும் வழியில் அதே மாதிரி மஞ்சள் கெட்டிலும் கப்புகளும் வாங்கினான். போர்வையை விரித்தான், கயிற்றில் நடந்தார்கள், எறும்பெல்லாம் பிடித்தார்கள். ஜூஸ் பாட்டில் பிரிட்ஜுக்குள்ளேயே இருந்தது. கெட்டிலைத் தூக்கி நான்கு கப்பிலும் ஒன்றுமில்லாததை ஊற்றினான். இந்தா என்று நீட்ட மட்டும் வரவில்லை. ஒரு கப்பை எடுத்துத் தன் உதட்டில் வைத்தான். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

சுண்டு எழுந்து வந்து அந்தக் கப்பை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். திரையிட்ட ஜன்னல் பக்கம் தூக்கினாள், கண்ணைச் சுருக்கினாள், இடது பக்கம் வைத்தாள். அவ்வளவுதான் என்று அவனுக்கு மனசு விட்டுப்போயிற்று. அவள் இரண்டாவது கப்பை எடுத்துப் பார்த்தாள். இதை வலது பக்கம் வைத்தாள். மூன்றாவதும் வலது பக்கம் போனது. நான்காவதை வெகுநேரம் பார்த்துவிட்டு இடது பக்கம் வைத்தாள். நான்கும் வெறும் கப்புகள். சுண்டு இரண்டு கையாலும் கெட்டிலைத் தூக்கி, இடது பக்கம் இருந்த முதல் கப்பில் கொஞ்சமாகச் சாய்த்தாள். குனிந்து மட்டம் பார்த்தாள். போதவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியாகி, சிந்திவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக் குடித்தான். தொண்டையில் உண்மையாகவே ஏதோ இறங்கியது. கண் கலங்கியதைத் துடைக்கக் கை எழவில்லை. கப்பைக் கீழே வைக்கப் போனான். சுண்டு தடுத்து வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தாள்.

சோபாவில் கிடந்த போன் அடித்தது. கிளினிக்கில் கூட்டம் சேருமுன் மனைவி கூப்பிடுகிற நேரம். அவன் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, கடைசிச் சொட்டு வரை கப்பை வாயில் கவிழ்த்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. வாய் நிறைய ஜூஸை வைத்துக்கொண்டு பேச முடியாது என்று அதற்குக் கையைக் காட்டினான்.