மஞ்சள் அறையும் மூன்று விடுப்பு நாட்களும்

1

“எங்க வேலையை வச்சு ஒரு கதை எழுதேன், எழுத்தாளரம்மா.”

“அதுல காதல் எங்கங்க இருக்கு?”

“ஒரு டன் கரியில ரெண்டு கிலோ பிளாட்டினத்தைத் தேடி நாள்கணக்கா நிக்கிறோம். இதைவிட என்ன காதல் வேணும் உனக்கு?”

இந்தக் கதை பிறந்த கதை இவ்வளவுதான். கேட்டவர் கணவர். எண்ணெய் ஆலைகள் பயன்படுத்தித் தீர்த்த வினையூக்கிகளிலிருந்து பிளாட்டினத்தை மீட்கும் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக இருக்கிறார். மழுப்பியவள் மனைவி. பதினோரு குடும்ப நாவல்கள் எழுதியவள், இதையும் எழுதுகிறவள். ‘நான்’ என்று தொடங்கிப் பார்த்தாள், கை ஓடவில்லை. ஆகவே ‘அவள்’.

2

முதல் தொடக்கம்: மிளகளவு வினையூக்கி உருண்டைகள் சூளைக்குள் தகதகத்தன, அவன் நெஞ்சைப் போலவே —

(நிறுத்திவிட்டாள். இவர் நெஞ்சு அப்படியெல்லாம் தகதகப்பதில்லை. பசித்தால் வயிறுதான்.)

இரண்டாம் தொடக்கம்: வினையூக்கி தான் மாறாமல் பிறரை மாற்றும், ஒரு நல்ல மனைவியைப் போல —

(படித்துக் காட்டினாள். “தப்பு,” என்றார். “அதுவும் கரி படிஞ்சு ஓஞ்சு போகும். அப்புறம்தான் எங்ககிட்ட வரும்.” உவமை அங்கேயே உயிரை விட்டது.)

சரி, நேராகவே சொல்லிவிடலாம். சூளையில் கரியை எரிப்பார்கள். அமிலத்தில் பிளாட்டினத்தைக் கரைப்பார்கள். ஓர் உப்பைச் சேர்த்தால் அது மஞ்சள் பொடியாக அடியில் படியும். அது நடப்பது மஞ்சள் அறையில். அங்கே தரை துடைத்த துணியைக்கூட எறிய மாட்டார்கள். எரித்துச் சாம்பலில் தேடுவார்கள். மேலே நிற்கும் நீரில் மஞ்சள் தெரிந்தால் உலோகம் இன்னும் கரைந்தே இருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்துச் சொல்வதில் இவர் புலி.

“முகமூடி போட்டுப் பார்த்தா எல்லாமே மங்கல். அதான் ரெண்டு நிமிஷம் அதைத் தூக்கிடுவேன்,” என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னார். அவளும் பெருமையாகக் கேட்டுக்கொண்டாள்.

3

இங்கே காதல் காட்சி வர வேண்டும். இருக்கிறது.

மூன்று வருடமாக, வருடத்தில் ஒருநாள், காரணம் சொல்லாமல் விடுப்பு எடுத்து அவளைப் படத்துக்கு அழைத்துப் போகிறார். அதை ஒன்பதாவது நாவலில் போட்டாள். நாற்பது கடிதங்கள் வந்தன. ‘உங்களால் என் வீட்டுக்காரரோடு சண்டை’ என்றும் ஒன்று. படியேறும்போது நடுவில் நின்று அவளைத் திரும்பிப் பார்ப்பார். அது பத்தாவது நாவல்.

போன வாரம் தொழிற்சாலை மருத்துவர் தொலைபேசியில் பேசினார்.

“இந்த வருஷமாவது அவரைத் தோல் பரிசோதனைக்கு அனுப்புங்கம்மா. மூணு வருஷமா கரெக்டா அன்னிக்கே லீவு போடுறார்.”

(அடிக்குறிப்பு: அந்த மஞ்சள் பொடி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதன் கரைசலில் ஒரு சொட்டைக் கையில் வைத்து ஊசியால் குத்துவார்கள். வீங்கினால் அந்த அறைக்குள் இனிக் கால் வைக்கக் கூடாது. வைத்தால் மூச்சிழுப்பு நிரந்தரமாகிவிடும்.)

படியில் நின்றது மூச்சு வாங்கத்தான். காதல் நிபுணி இரண்டு நாவல் எழுதி முடித்த பிறகு கண்டுபிடித்தாள்.

4

முடிவுகள்:

அ. மழையில் நனைந்தபடி நாயகன் தானே மனம் மாறுகிறான்.

ஆ. வெளிநாட்டு மருந்து வருகிறது.

இ. நாயகி அழ, நாயகன் —

மூன்றையும் ஏற்கெனவே எழுதி விற்றாயிற்று. இவளுடைய நாயகிகள் பதினோரு பேரும் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மனதில் இருப்பதைத் தடையில்லாமல் பேசியவர்கள். இவளோ ஒரு வாரமாக வாயைத் திறக்கிறாள், “காபி வேணுமாங்க?” என்றுதான் வருகிறது. அவரும் குடித்துக் குடித்துத் தூக்கம் கெட்டுப் போனார். அந்த அறைதான் அவர் கௌரவம். வெளியே வந்தால் பீப்பாய் உருட்டும் வேலைதான். கேட்டு, அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் —

(இந்த வாக்கியத்தை முடிக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.)

நாளை பரிசோதனை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம்.

“ஏம்மா, நாளைக்கு லீவு போட்டுட்டேன். படம் போலாமா?”

இனி இவள் கேட்கப்போவதற்கு அவர் சொல்லும் பதிலை இவள் எழுதப் போவதில்லை. பதினோரு கணவர்களுக்கு இவளே பதில் எழுதிக் கொடுத்துக் கெடுத்தது போதும். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இவள் பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.

“படம் வேண்டாங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போய்க் கையை நீட்டுங்க. வீங்குச்சுன்னா அந்த ரூமை விட்டு வந்துடுங்க. எனக்காக வந்துடுங்க.”