சாம்பல் நிறம் வேண்டாம்

புது மருந்தை மனிதன் வாயில் போடுவதற்கு முன்னால், அது ஈரலைக் கெடுக்குமா என்று கம்ப்யூட்டரிடம் கேட்டுச் சொல்வது ஷெர்லினுடைய வேலை. தென்காசி வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு இந்த ஜோசியம் பார்த்துக் கொடுத்தாள். மூலக்கூறின் அமைப்பைக் கொடுத்தால், ஏற்கெனவே படித்து வைத்த மருந்துகளோடு ஒப்பிட்டு அவள் உருவாக்கிய கம்ப்யூட்டர் மாடல் ஒரு நிறம் காட்டும். சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பயமில்லை. முன்பின் பார்த்திராத சரக்கு என்றால் சாம்பல் நிறத்தில் 'தெரியாது' என்று வரும்.

அந்தச் சாம்பல்தான் மேனேஜர் லிங்கேஸ்வரனின் கண்ணை உறுத்தியது.

"தெரியாதுன்னு கேட்கவா கஸ்டமர் நம்மகிட்ட வர்றான்? ஆபத்துன்னு ஆதாரம் இல்லல்ல, அப்ப பச்சைதான்" என்றார். எப்பேர்ப்பட்ட தத்துவம். ஷெர்லின் முணுமுணுத்துக்கொண்டே சாம்பலைப் பச்சையாக மாற்றினாள். அந்த வருஷம் அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூட வந்தது.

சாரல் தொடங்கியதும் தாய்மாமன் காமராஜ் வந்தார். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் மூலிகைக் கடை வைத்திருப்பவர். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவன் எதைக் கொடுத்தாலும் வாங்குவான் என்பது அவர் கண்ட விஞ்ஞானம். இந்த சீசனுக்குப் புதுச் சரக்கு, ஈரலைச் சுத்தம் செய்யும் சூரணம்.

"ஏட்டி, ஒன் கம்ப்யூட்டர்ல இதையும் ஒருக்கா பாத்துச் சொல்லு."

"இதுல என்னெல்லாம் போட்டிருக்கீய மாமா?"

"அது தொழில் ரகசியம்லா. மலையில கெடைக்க வேர் ஒண்ணு இருக்கு. அத மட்டும் பாரு, போதும்."

அந்த வேரில் இருப்பதாக எங்கோ எழுதியிருந்த ஒரேயொரு மூலக்கூறைத் தேடிப்பிடித்துப் போட்டாள். மாடல் அதைக் கனவிலும் கண்டதில்லை. பளிச்சென்று பச்சை காட்டியது.

அது எந்தப் பச்சை என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். காப்பியோடு வந்த அம்மா சுகிர்தம், "எம் மக பாத்தா தப்பாது" என்று பூரித்து நின்றாள். அந்த முகத்துக்கு முன்னால் தன் பித்தலாட்டத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குள் மாமா திரையைப் போட்டோ எடுத்துவிட்டார்.

அடுத்த வாரமே கடை வாசலில் பிளெக்ஸ் தொங்கியது: 'கம்ப்யூட்டரில் பரிசோதித்தது. பக்க விளைவு அறவே இல்லை.' அறவே என்பது மாமாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஊர் பார்க்க வருகிறவன் ஒரு பொட்டலம் தின்றால் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஷெர்லின் மனதைத் தேற்றிக்கொண்டாள். வீட்டிலேயே ஒருத்தி தன் தம்பி கொடுத்த சூரணத்தைத் தினமும் குடித்து வந்தது, அம்மாவின் கண் மஞ்சளித்த பிறகுதான் தெரிந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈரல் மோசமாக வீங்கியிருக்கிறது என்ற டாக்டர், "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"எந் தம்பி குடுத்த சூரணம்தான் டாக்டர். அது ஒண்ணும் செய்யாது. எம் மக கம்ப்யூட்டர்லயே பாத்துட்டா" என்றாள் சுகிர்தம். எழுந்து உட்காரத் தெம்பில்லை, பெருமைக்கு மட்டும் குறைவில்லை.

டாக்டர் ஷெர்லினிடம் திரும்பினார். "அதுல என்ன இருக்கு?"

"தெரியாது" என்றாள். கம்பெனியை விட்டே அவள் துரத்தியிருந்த வார்த்தை அது. "அது ஈரலைக் கெடுக்குமான்னு என் மாடலுக்கும் தெரியாது டாக்டர்."

சுகிர்தம் மஞ்சள் கண்களால் மகளைப் பார்த்தாள்.

"பெறவு எதுக்குட்டி அது பச்சை காட்டுச்சு?"