நூறாவது நாள் முட்டைகள்

இருபது வருஷ வேலையில் ஒரு முதலையிடம் நான் கெஞ்சியது அன்றைக்குத்தான். பக்கத்துக் கூண்டின் கதவருகே நின்று கோழியை ஆட்டி ஆட்டி, "வாடி கண்ணு, வா" என்று கூப்பிட்டேன். மகாராணி அசையவில்லை. அவளை அந்தக் கூண்டுக்குள் வரவைத்துக் கதவைச் சாத்தினால்தான் மணல்மேட்டைத் தோண்டி முட்டைகளை எடுக்க முடியும்.

மகாராணி எங்கள் பூங்காவின் பெரிய பெண் முதலை. லீவு விட்டால் குடும்பம் குடும்பமாக வந்து கம்பிவேலியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறவர்கள் முதலில் கேட்பது அவளைத்தான். அவள் முட்டையிட்டு அன்றோடு நூறு நாள். மூன்று மாதத்தில் பொரித்திருக்க வேண்டும். "எல்லாம் அழுகிப்போச்சு சார், பன்னிரண்டு மணிக்குள்ள எடுத்துடலாம்" என்று மேனேஜரிடம் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். போன வருஷ முட்டைகள் அப்படித்தான் அழுகி, நாற்றம் ஊரையே கூட்டிவிட்டது. மூன்று நாளாக அவள் தாடையை மண்மேல் வைத்தபடி, சாப்பிடாமல் கிடந்தாள். பாவம், சோகத்தில் இருக்கிறாள் என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

வேலிக்கு வெளியே நல்ல கூட்டம். முன்னால் ஒரு லாரி மெக்கானிக், அவர் மனைவி, ஏழெட்டு வயதில் ஒரு மகள். அவர் மெக்கானிக் என்பதை வந்த ஐந்தாவது நிமிடத்திலேயே அந்த அம்மா எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

"அக்கா, உங்க பம்புல பேரிங் போயிடுச்சு" என்றார் அவர்.

குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பம்பு என் முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்க ஓடும். அந்த இரைச்சல் எனக்கு எப்போதோ பழகிப்போய்விட்டது.

"போன வாரம்தான் புதுசு போட்டோம்" என்றேன் வெடுக்கென்று.

"இல்லக்கா, நல்லா கேளுங்க. அடியில ஏதோ கீச்சு கீச்சுன்னு கத்துது."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வரும்போது பஸ் டிரைவர்கிட்ட கிளட்ச் தேயுதுன்னு சொல்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. இப்ப முதலைப் பண்ணைக்கு வைத்தியம் பாக்க வந்துட்டாரு. ஒரு நாளாவது அந்தக் காதுக்கு லீவு விடுங்களேன்!"

"கேட்டதைத்தான்டி சொல்றேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து இருக்கிற எரிச்சல் போதாதென்று இவர் வேறு. இவர் வாயை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று நேராகப் போய் பம்பை அணைத்தேன். இரைச்சல் இறங்கி இறங்கி அடங்கியது.

"போதுமா? இப்ப எங்க..."

பம்பு நின்றுவிட்டது, கீச்சுச் சத்தம் நிற்கவில்லை.

அது மணல்மேட்டுக்குள்ளிருந்து வந்தது. ஒன்று கத்த, பதிலுக்கு இன்னொன்று கத்த, அவசர அவசரமாக. குட்டிகள்! வெளியே வரும் நேரம் வந்தால் முட்டைக்குள்ளிருந்தே அம்மாவைக் கூப்பிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பிக்கிறவளே நான். மகாராணி சோகத்தில் படுத்திருக்கவில்லை. காதைக் கொடுத்துக் காத்திருந்திருக்கிறாள். பம்பு சத்தத்தில் அவளுக்கும் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ.

"சார்! மேனேஜர் சார்! ஓடி வாங்க! உயிரோட இருக்கு, எல்லாம் உயிரோட இருக்கு!" என்று நான் போட்ட கூச்சலில் கையிலிருந்த கோழி எங்கே போனது என்றே தெரியவில்லை.

மேனேஜர் வந்து சேர்வதற்குள் மகாராணி எழுந்துவிட்டாள். முன்கால்களால் மண்ணை வாரி வாரி இறைத்தாள். வெள்ளை முட்டைகள் தெரிந்தன. ஒன்று விரிந்தது, சாண் நீளக் குட்டி ஒன்று தலையை நீட்டியது. அவள் குனிந்து அதை அப்படியே வாய்க்குள் எடுத்தாள்.

"அம்மா! முழுங்குது!" என்று மெக்கானிக்கின் மகள் அலறினாள்.

"முழுங்கலடா கண்ணு, தூக்கிட்டுப் போறா! பாரு, நல்லா பாரு!" என்று கத்தினேன் நான்.

மகாராணி மெதுவாக நடந்து தண்ணீரில் இறங்கி வாயைத் திறந்தாள். குட்டி வழுக்கி வெளியே வந்து வாலை ஆட்டி நீந்தியது. கூட்டம் போட்ட சத்தத்தில் வேலியே அதிர்ந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. அந்தச் சிறுமி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள், பத்து தாண்டியதும் அப்பாவின் விரல்களைக் கடன் வாங்கிக்கொண்டாள். பதினெட்டு வரை வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கடைசியில் ஒரு முட்டை மிஞ்சியது. அது விரியவே இல்லை. மகாராணி மூக்கால் அதை உருட்டிப் பார்த்தாள். பிறகு பற்களுக்கு நடுவே எடுத்தாள். மாட்டு எலும்பை நொறுக்குகிற தாடை அது. நாக்குக்கும் மேல்தாடைக்கும் இடையில் முட்டையை மெல்ல மெல்ல உருட்டினாள். ஓடு விரியும் சத்தம் 'டப்' என்று எல்லோருக்கும் கேட்டது. பற்களுக்கிடையில் ஒரு சின்ன மூக்கு எட்டிப் பார்த்தது.

"பத்தொம்பது!" என்று சிறுமி குதித்தாள். மேனேஜர் யாரோ ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதேன்.

மெக்கானிக்கின் மனைவி கம்பி வழியாக என் விரல்களைப் பற்றிக்கொண்டாள். "ஏன்க்கா அழறீங்க? நல்லதுதானே நடந்திருக்கு?"

"பன்னிரண்டு மணிக்கு இதுங்க அத்தனையையும் சாக்குல போட்டுக் கட்டியிருப்பேன்மா" என்றேன். "செத்துப்போச்சுன்னு சொன்னதே நான்தான்."