மாத்திரைக்கு அடங்கிய முனியாண்டி

கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில், விடிகாலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க மண்டோர் இருசப்பன் வேலையாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ரப்பர் மரமே பதில் சொல்லும் என்பார்கள். அந்தத் தொண்டைக்குள் சதை வளர்ந்து, குரல் கிழிந்த சாக்காகிவிட்டது. குரல் போனால் மண்டோர் வேலையும் போகும். அறுத்தெடுத்தே ஆகவேண்டும்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் விமலாதேவி அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மனைவி வேலம்மாவிடம்தான் விளக்கினார்.

"தொண்டைக்குள்ள குழாய் விடேக்க, ஆள் நித்திரையில கிடந்தாலும் நெஞ்சு வெருண்டு ஓடும். இவருக்கு ஏற்கெனவே பிரஷர். ஓடாமப் பிடிக்கத்தான் இந்த மாத்திரை. இடையில நிப்பாட்டினா ஒப்பரேஷன் இல்லை."

இடையில்தான் முனியாண்டி திருவிழா வந்தது. வருஷா வருஷம் சாமி இறங்குவது இருசப்பன் மேல். உறுமி முழங்கியதும் நெஞ்சு படபடக்கும், உடம்பு உதறும், முனியாண்டி சுருட்டுக் கேட்பார். இந்த வருஷம் உறுமிக்காரன் சோமு கை சிவக்க அடித்தும், மண்டோர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

"சாமி இன்னிக்கு லீவுலா," என்று முணுமுணுத்தான் சோமு.

இருசப்பன் அவமானத்தில் வேலம்மாவின் காதில் கரகரத்தார். "மாத்திரைதாண்டி சாமியக் கட்டிப்போட்டிருக்கு. இனிமே தொடமாட்டேன். நாளைக்கு ஆட்டத்துக்குள்ள வந்துரும்."

பெண்டாட்டி பேச்சை அவர் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. அவர் கேட்பது ஒரே ஒருத்தர் பேச்சைத்தான். வேலம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"டேய் இருசப்பா!"

கூட்டம் பொத்தென்று காலில் விழுந்தது. இருசப்பனும்தான்.

"டாக்டரம்மா குடுத்தத ஒழுங்கா முழுங்குடா. நிறுத்துனே, உன் தொண்டைய நானே நெரிச்சுருவேன்டா."

தேவைக்கு மேலேயே நாலைந்து 'டா' போட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளாகச் சேர்த்து வைத்திருந்ததாயிற்றே. சுருட்டு ஒன்றுதான் தொல்லை. இழுத்ததும் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. சாமி சிரிக்கிறது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இருசப்பன் சன்னதித் தண்ணீரிலேயே மாத்திரையை விழுங்கினார்.

ஆபரேஷன் முடிந்தது. குழாய் போனபோது நெஞ்சு நல்ல பிள்ளையாகப் படுத்துக் கிடந்ததாக விமலாதேவி சொன்னார். புண் ஆறும்வரை பேசவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். லயத்து வீடுகளுக்கெல்லாம் அது திருவிழாவாக இருந்தது.

குரல் திரும்பிய அன்று அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஏண்டி, அடுத்த வருஷம் சாமி யாரு மேல வரும்?"

வேலம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மிச்ச மாத்திரை எங்கிட்டதான் இருக்கு. பாத்து நடந்துக்குங்க."