ஏறுவது நடை, இறங்குவது பஸ்

என் வீட்டுக்காரர் தையல்காரர். மலை ஏறப் போனாலும் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். வருஷத்துக்கு ஒரு தடவை கடைக்கு நாலு நாள் லீவு விட்டு, கடலோர மலைகளில் நடக்கப் போவோம். கையளவு இடம்தான். காலையில் கடலில் கால் நனைத்தால் மத்தியானம் ஏதாவது ஒரு மலைமேல் உட்கார்ந்து சாப்பிடலாம். அதற்கு இந்த மனுஷன் போடும் திட்டம் இருக்கிறதே, அப்பப்பா! ரெண்டு மாசம் வெட்டு மேஜையில் துணியைவிட வரைபடம்தான் அதிகம் கிடக்கும்.

இந்த வருஷம் எனக்கு ஒரு பயம். இடது முழங்கால். ஏறும்போது சமாளிக்கிறேன், இறங்கும்போது உயிர் போகிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அவருக்குத் தெரிந்தால் பயணத்தையே ரத்து செய்துவிடுவார். அந்த நாலு நாளை நம்பித்தான் மிச்ச வருஷத்தை ஓட்டுகிறேன். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீயை எடுத்துக்கொண்டு மாடியில் இருக்கும் கடைக்குப் போனேன். என் தம்பியும் அங்கே உட்கார்ந்திருந்தான். பஸ் ஓட்டுகிறவன். ஞாயிறு அவனுக்கு ஓய்வு, எங்களுக்குத் தொல்லை.

"அக்கா, மாமாவோட திட்டத்தைப் பாத்தியா? மூணு நாளும் கீழேருந்து நடந்து ஏறணுமாம், அந்தப் பக்கம் பஸ்ல இறங்கணுமாம். ஊரு உலகத்துல எல்லாரும் பஸ்ல ஏறித்தான் நடந்து இறங்குவாங்க!"

"வரைபடத்தைத் தலைகீழா பிடிச்சிருப்பார்டா," என்றேன். "போன மாசம் ஒரே சட்டைக்கு ரெண்டு கையையும் வலது கையா வெட்டினவர்தானே!"

"அது ஒரே ஒரு தடவை," என்றார், தலை நிமிராமல்.

உள்ளுக்குள் எனக்கு ஒரே கும்மாளம். இறக்கமே இல்லை! ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"இறங்கறதுக்குப் பயமா? வயசாச்சுன்னு ஒத்துக்கோங்களேன்."

"ஆமா, வயசாச்சு," என்றார் அப்பாவியாக.

அப்போதுதான் மேஜையில் கிடந்த திட்டத்தைக் கவனித்தேன், நாலாவது நாள் காலி. இருக்கிறதிலேயே உயரமான மலை திட்டத்திலேயே இல்லை. ரெண்டு பக்கமும் கடல் தெரியும் அந்த உச்சியைப் பார்க்கணும் என்று வருஷா வருஷம் கேட்கிறேன். இந்த வருஷம் கண்டிப்பாக என்று சொன்னவர் இவர்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என் மலை எங்கே?"

"அங்கேருந்து இறங்க பஸ் கிடையாது."

"பஸ் இல்லாட்டி என்ன? நமக்குக் கால் இல்லையா?"

அவர் மிஷினுக்குப் பக்கத்திலிருந்து என் நடைப் பேண்ட்டை எடுத்தார். ஓரம் மடித்து அடிக்கக் கொடுத்திருந்தேன்.

"இடது கால் ஓரம் புதுசு மாதிரி இருக்கு. வலது கால் ஓரம் தேஞ்சு நார் நாரா போயிருக்கு. பாரத்தையெல்லாம் வலது பக்கமே போட்டு நடக்கறே. ரெண்டு மாசமா படியில பக்கவாட்டுல இறங்கறே. நீ இறங்கும்போதெல்லாம் மிஷினை நிறுத்திட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். முப்பது வருஷமா ஆளை அளக்கறவன்கிட்ட முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தியே!"

தம்பி டீ டம்ளருக்குள் எதையோ தேட ஆரம்பித்தான். எனக்கு வெட்கம், கோபம், எல்லாம் ஒன்றாக வந்தது.

"தெரிஞ்சும் ஏன் பயணத்தை நிறுத்தல?"

"நிறுத்தினா நீ என்னை வீட்டுல குடித்தனம் பண்ண விடுவியா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மானத்தை வாங்கின. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்போ நாலாவது நாள்?"

"சட்டையில உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைப்போமில்ல, பின்னாடி பிரிச்சுக்கலாம்னு? அது மாதிரி விட்டு வச்சிருக்கேன். நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டு. கால் சரியானதும் பிரிச்சுக்கலாம்."

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு படிக்கு வந்தேன். கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக, முதல் தடவையாக எதையும் மறைக்காமல் இறங்கினேன். நான் கடைசிப் படியில் கால் வைத்த பிறகுதான் மேலே மிஷின் ஓட ஆரம்பித்தது.